வலிமையான தலைவர் வேண்டுமா? – ஒரு கடிதம்

அன்புள்ள அம்மா,

வணக்கம். உங்கள் கட்டுரைகளை மூன்று ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை. எனக்கும் அப்பாவுக்கும் வீட்டில் அடிக்கடி நடக்கும் ஒரு வாக்குவாதம்தான் எழுத வைத்தது. முழு அதிகாரத்தோடு உறுதியான ஒரே ஆள் மேலே உட்கார்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது அப்பாவின் கட்சி. சிங்கப்பூரைக் காட்டுவார். போரோ கொள்ளைநோயோ வந்தால் கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருக்க முடியுமா என்று கேட்பார். எனக்கோ மக்களுக்கு இப்படிப்பட்ட தலைவர்கள் தேவையே இல்லை என்று தோன்றுகிறது. ஆனால் அதை வாதமாக எடுத்துவைக்கத் தெரியவில்லை. கடைசியில் குரலை உயர்த்திவிடுகிறேன், பிறகு வருத்தப்படுகிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அப்பா ஓய்வுபெற்றபோது அவருடைய ஓய்வூதியக் கணக்கில் ஒரு பிழை இருந்தது. அதைத் திருத்த நான்கு ஆண்டுகள் அலைந்தார். அதற்குப் பிறகுதான் இப்படிப் பேசத் தொடங்கினார்.

அதிகாரம் மிக்க தலைவர்கள் நமக்கு உண்மையிலேயே தேவையா? அவர்கள் இல்லாமல் மனிதர்கள் ஒழுங்காக வாழ முடியுமா?

அன்புடன்,
ஒரு வாசகன் (பெயர் வேண்டாமே)

*

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த நான்கு ஆண்டுகள்தான். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசு வேண்டும். முடிவெடுக்கிற ஆட்களும் வேண்டும். யாராலும் மறுத்துப் பேச முடியாத, யாராலும் கீழே இறக்க முடியாத ஒருவர் வேண்டாம். அப்படிப்பட்டவர் கெட்டவராக இருப்பார் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நல்லவராகவே இருக்கட்டும். அவருக்கு உண்மை தெரியாது. அதுதான் என் பயம்.

1959 ஜூலையில் சீனாவின் லூஷான் மலையில் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர்கள் கூடினார்கள். விவசாயத்தையும் தொழிலையும் சில ஆண்டுகளிலேயே பன்மடங்கு பெருக்கிவிட வேண்டும் என்று கட்சித் தலைவர் மாவோ கொண்டுவந்த 'பெரும் பாய்ச்சல்' திட்டம் தொடங்கி ஓராண்டு ஆகியிருந்தது. பாதுகாப்பு அமைச்சர் பெங் தெஹுவாய் தன் சொந்த மாகாணத்துக் கிராமங்களைப் பார்த்துவிட்டு வந்தவர். மேலே வரும் அறுவடைக் கணக்குகளை நம்ப முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கூட்டத்தில் எழுந்து முழங்கவில்லை. மாவோவுக்குத் தனிப்பட்ட முறையில் ஒரு கடிதம் எழுதினார். பணிவான கடிதம்தான், சாதனைகளைப் பாராட்டிவிட்டுத்தான் குறைகளுக்கு வருகிறார். மாவோ அதை அச்சடித்துக் கூட்டத்தில் எல்லோருக்கும் கொடுக்கச் சொன்னார். பிறகு எல்லோர் முன்னாலும் பெங்கைத் தாக்கினார். பெங்கின் பதவி போனது.

அதற்குப் பிறகு எந்த அதிகாரி உண்மைக் கணக்கை மேலே அனுப்புவார்? விளைச்சலைக் கூட்டிக் கூட்டிச் சொன்னார்கள். சொன்ன கணக்குப்படி அரசு தானியத்தை எடுத்துக்கொண்டது. விதைத்தவர் வீட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை. 1958 முதல் 1962 வரையிலான பஞ்சத்தில் இறந்தவர்கள் 1.5 கோடியிலிருந்து 4.5 கோடி வரை என்று ஆய்வாளர்கள் வெவ்வேறாக மதிப்பிடுகிறார்கள். மதிப்பீட்டில் இருக்கும் அந்த இடைவெளியே மூன்று கோடி உயிர். எனக்கு அதைத் தாண்டிப் போக முடிவதில்லை.

மாவோவை விட வலிமையான ஆள் அப்போது அந்த நாட்டில் இல்லை. அந்த வலிமைதான் அவர் காதை அடைத்தது.

இதை நான் சின்ன அளவில் நேரில் பார்த்திருக்கிறேன். முப்பது வயதில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன். எங்கள் தலைமை அதிகாரி அபாரமான திறமைசாலி. ஐந்து வருடத்துக்கு முந்தைய எண்ணைக்கூட நினைவிலிருந்து சொல்வார். ஆனால் கெட்ட செய்தியோடு அவர் அறைக்குள் போனவர்கள் கலங்கிய கண்ணோடுதான் வெளியே வருவார்கள். ஒரு சமயம் இருப்புக் கணக்கில் பெரிய தொகை உதைத்தது. எங்கள் பிரிவில் மூன்று பேருக்கு அது தெரியும். ஒன்றரை வருடம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும்தான். ஒருநாள் அவர் அறை வாசல் வரை போய்த் திரும்பி வந்தேன். நாளாக ஆக அந்தத் தளம் முழுக்கத் தெரிந்துவிட்டது. தெரியாத ஒரே ஆள், அதைப் பற்றி முடிவெடுக்க வேண்டிய அவர்தான். நாங்கள் மோசமானவர்களாக இருந்ததால் இப்படி நடக்கவில்லை. எல்லோருக்கும் வீட்டுக் கடன் இருந்தது, பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கையில் மற்ற எல்லோருடைய பிழைப்பும் இருந்தால் இப்படித்தான் ஆகும்.

சரி, அப்பா கேட்கும் போருக்கு வருகிறேன். அவர் கேள்வி நியாயமானது. குண்டு விழும்போது யாராவது ஒருவர் சட்டென்று முடிவெடுத்தாக வேண்டும்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் பிரதமர் சர்ச்சில். உறுதியான போர்த்தலைவர் என்றால் அப்பா மனதிலும் அவர் முகம் வரலாம். ஆனால் 1942 ஜூலையில், போர் மோசமாகப் போய்க்கொண்டிருந்தபோது, நாடாளுமன்றத்தில் அவர் போரை நடத்தும் விதத்தின் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. வெளிப்படையாக விவாதித்தார்கள். 475க்கு 25 என்ற கணக்கில் தீர்மானம் தோற்றது. அவர் போய் மறுபடி வேலையைப் பார்த்தார். 1945ல் ஜெர்மனி சரணடைந்து சில வாரங்களில் நடந்த தேர்தலில் அதே மக்கள் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். போர்க்காலத்தில் கேள்வி கேட்டதால் அந்த நாடு தோற்றுவிடவில்லை.

இதே கதைக்கு இன்னொரு பக்கம் உண்டு. பிரிட்டனில் போர் முடியும் வரை பங்கீட்டு முறையில் எல்லோருக்கும் உணவு கிடைத்தது. அதே ஆட்சியின் கீழ் இருந்த வங்காளத்தில் 1943ல் பஞ்சம் வந்தது. 20 முதல் 30 லட்சம் பேர் இறந்தார்கள். தானியம் அனுப்பச் சொல்லி இந்தியாவிலிருந்து மீண்டும் மீண்டும் கோரிக்கை போனது. லண்டன் கேட்டதில் ஒரு பகுதியைத்தான் அனுப்பியது, அதுவும் தாமதமாக. ஒரே பிரதமர், ஒரே போர். ஒரு கூட்டத்துக்கு அவரைக் கேள்வி கேட்கவும் நீக்கவும் வழி இருந்தது, இன்னொரு கூட்டத்துக்கு இல்லை. அந்தப் பஞ்சத்தைச் சிறுவனாகப் பார்த்தவர் பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென். பின்னாளில் அவர் சொன்னது: சுதந்திரமான பத்திரிகைகளும் ஒழுங்காக நடக்கும் தேர்தலும் உள்ள நாட்டில் பெரும் பஞ்சம் வந்ததில்லை. தலைவரின் வலிமை பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டு கூட்டங்களும்தான் நினைவுக்கு வருகின்றன. நாம் எந்தக் கூட்டத்தில் நிற்கப் போகிறோம் என்று அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள்.

நெருக்கடிக்கென்று முழு அதிகாரம் கொடுக்கும் வழக்கம் பழையது. ரோமானியக் குடியரசில் அதற்கு ஒரு பதவியே இருந்தது, அதிகபட்சம் ஆறு மாதம். பல தலைமுறைகள் அந்தக் கெடு மதிக்கப்பட்டது. கி.மு. 82ல் தளபதி சுல்லா அந்தப் பதவியைக் கெடுவே இல்லாமல் எடுத்துக்கொண்டார். கி.மு. 44ல் சீசர் வாழ்நாள் முழுவதற்கும் எடுத்துக்கொண்டார். அத்தோடு குடியரசும் போனது. 1933 மார்ச்சில் ஹிட்லருக்கு அதிகாரத்தைத் தூக்கிக் கொடுத்த சட்டத்திலும் நான்கு ஆண்டு என்று கெடு எழுதியிருந்தது. மக்களின் துயரத்தையும் நாட்டின் துயரத்தையும் நீக்கும் சட்டம் என்று அதற்குப் பெயர். கெடு முடிய முடிய நீட்டித்துக்கொண்டே போனார்கள், 1945 வரை.

சிங்கப்பூர் விஷயத்தில் அப்பா சொல்வதில் உண்மை இருக்கிறது. லீ குவான் யூ 1959 முதல் 1990 வரை பிரதமராக இருந்தார். அந்த ஊர் மாறியதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அவர் வெறுங்கையோடு தொடங்கவில்லை. ஊழலை விசாரிக்கும் அமைப்பு 1952லேயே வந்துவிட்டது, சேமநிதி 1955ல். அவர் அவற்றை வலுப்படுத்தினார். நிதியமைச்சராக இருந்த கோ கெங் சுவீ போன்ற சொந்த அறிவுள்ள ஆட்கள் கூடவே இருந்தார்கள். எதிர்த்துப் பேசியவர்கள் விசாரணையில்லாமல் சிறையில் கிடந்ததும் அதே காலத்தில்தான், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இன்னொன்று, இதே போல முழு அதிகாரத்தோடு காங்கோவை மொபுட்டு 32 ஆண்டுகளும் ஜிம்பாப்வேயை முகாபே 37 ஆண்டுகளும் ஆண்டார்கள். 2009ல் ஜிம்பாப்வே அச்சடித்த ஒரு நோட்டின் மதிப்பு நூறு லட்சம் கோடி ஜிம்பாப்வே டாலர், பணம் அவ்வளவு மதிப்பிழந்திருந்தது. உள்ளே போகும்போது லீ கிடைப்பாரா மொபுட்டு கிடைப்பாரா என்று யாருக்கும் தெரியாது. தவறானவர் வந்துவிட்டால் வெளியேற வாசல் இருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

இனி உங்கள் பக்கத்துக்கு வருகிறேன். அப்பாவோடு மட்டும் வாதாடினால் நியாயமாகாது.

தலைவரே இல்லாமல் வாழ முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெல்ஜியத்தில் 2010 ஜூன் தேர்தலுக்குப் பிறகு கட்சிகள் ஒத்துப்போகாமல் 541 நாட்கள் புதிய அரசு அமையவில்லை. ரயில் ஓடியது, சம்பளம் வந்தது, பள்ளி நடந்தது. இதைக் காட்டித் தலைவர்களே வேண்டாம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். பழைய அமைச்சரவை பொறுப்பில் இருந்தது, மாநில அரசுகள் தங்கள் வேலையைச் செய்தன. தினசரி வாழ்க்கைக்கு ஒரு பெரிய மனிதர் தேவையில்லை என்பதுவரைதான் அது காட்டுகிறது. பெரிய சீர்திருத்தம் எதையும் அவர்களால் தொட முடியவில்லை.

சுவிட்சர்லாந்தை அப்பாவிடம் தாராளமாகச் சொல்லலாம். 1848லிருந்து அங்கே ஆட்சி ஏழு பேர் கையில். அதிபர் பதவி அந்த ஏழு பேருக்குள் ஆண்டுக்கு ஒருவராகச் சுற்றிவரும். அதிபராக இருப்பவருக்கு மற்ற ஆறு பேர் மீது அதிகாரம் கிடையாது. நாடாளுமன்றம் போட்ட சட்டம் பிடிக்கவில்லையென்றால் 100 நாட்களுக்குள் 50,000 கையெழுத்து சேர்த்து அதைப் பொதுவாக்கெடுப்புக்குக் கொண்டுபோகலாம். ஒற்றைத் தலைவர் இல்லாமல் அந்த நாடு சீரழிந்துவிடவில்லை.

ஆனால் அதே நாட்டில் பெண்களுக்குத் தேசிய அளவில் வாக்குரிமை கிடைத்தது 1971ல். 1959ல் ஆண்களிடம் கேட்டபோது மூன்றில் இரண்டு பங்கு பேர் வேண்டாம் என்றார்கள். ஒரு பெண்ணாக இதை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. அதிகாரம் மக்கள் கையில் என்று நாம் சொல்லும்போது எந்த மக்கள் என்ற கேள்வி கூடவே வருகிறது. பழைய ஏதென்ஸிலும் இதே குறைதான். அங்கே ஐநூறு பேர் கொண்ட அவையைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்தார்கள். அவைக்குத் தினமும் ஒரு தலைவர், அவரும் குலுக்கலில்தான். ஒரு பகல், ஒரு இரவு. கருவூலம் இருந்த கோயில்களின் சாவியும் அரசு முத்திரையும் அந்த ஒரு நாளுக்கு அவரிடம் இருக்கும். மறுநாள் வேறொருவர். ஒரே ஆள் இரண்டாம் முறை வர முடியாது. என்ன அழகான ஏற்பாடு! ஆனால் பெண்கள், அடிமைகள், வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்கள் யாருடைய பெயரும் அந்தக் குலுக்கலில் கிடையாது. இன்னொன்றையும் கவனியுங்கள். போர்த் தளபதிகளை மட்டும் அவர்கள் குலுக்கலுக்கு விடவில்லை, வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். திறமை தேவைப்படும் இடம் எது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தலைமையே வேண்டாம் என்ற உங்கள் வாதம் இந்த இடத்தில் பலவீனமாகிறது என்று நினைக்கிறேன்.

இப்போது அப்பாவின் கோப்பு.

நான்கு ஆண்டுகள் ஒரு மனிதர் தன் சொந்தப் பணத்துக்காகப் படியேறி இறங்கினால், மேலே இருந்து ஒருவர் வந்து மேசையைத் தட்ட மாட்டாரா என்ற ஏக்கம் வரத்தான் செய்யும். அவர் ஆசைப்படுவது சர்வாதிகாரத்துக்கு இல்லை, ஒரு பதிலுக்கு. அந்தப் பதிலை வாங்கித் தரும் வழிகள் வேறு இருக்கின்றன. ஸ்வீடன் 1766லேயே அரசு ஆவணங்களை யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம் என்று சட்டம் போட்டது. 1772ல் அரசர் மூன்றாம் குஸ்தாவ் அதிகாரத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். அடுத்த இரண்டே ஆண்டுகளில் அந்தச் சட்டம் சுருக்கப்பட்டது. பிறகு 1809ல், அவருடைய மகனைப் பதவியிலிருந்து இறக்கிய அதே ஆண்டில், அதிகாரிகள் மீது மக்கள் புகார் சொல்ல நாடாளுமன்றம் நியமிக்கும் ஒரு குறைகேள் அதிகாரியை உருவாக்கினார்கள். அந்தப் பதவி பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. கோப்பு எங்கே நிற்கிறது என்று பார்க்கும் உரிமை, இத்தனை நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும் என்ற விதி, மறுத்தால் அந்த அலுவலகத்துக்கு வெளியே இருக்கும் ஒருவரிடம் முறையிடும் வழி. இந்த மூன்றும் ஒழுங்காக இருந்திருந்தால் அப்பாவின் வேலை சில மாதங்களில் முடிந்திருக்கும்.

மேலே எவ்வளவு பெரிய ஆள் உட்கார்ந்தாலும் லட்சக்கணக்கான கோப்புகளில் உங்கள் அப்பாவுடையதை அவர் பார்க்கப் போவதில்லை. எல்லாம் சரியாக நடக்கிறது என்றுதான் அவருக்குச் சொல்லப்படும்.

அடுத்த முறை இந்தப் பேச்சு வரும்போது சிங்கப்பூரையும் சுவிட்சர்லாந்தையும் விட்டுவிட்டு அந்த நான்கு ஆண்டுகளைப் பற்றிக் கேளுங்கள். எந்த மேசையில் நின்றது, யார் என்ன சொன்னார்கள், கடைசியில் எது நகர்த்தியது என்று பொறுமையாகக் கேளுங்கள். இதுவரை யாரும் அவரிடம் முழுதாகக் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் சொன்னதை எனக்கும் எழுதுங்கள். நான் மேலே சொன்னதில் அவர் மறுக்கும் இடம் எது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்.