கடை வாசலில் நீட்டும் அட்டையில் கையெழுத்துப் போடலாமா?

தம்பி, எச்-1பி வேலை விசாவில் கலிபோர்னியாவின் சன்னிவேலுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். கடை வாசலில் ஒருவர் மனுத்தாள் செருகிய அட்டையை நீட்டி, "வாடகையைக் குறைக்கிற மனு, ஒரு கையெழுத்துப் போதும்" என்றிருக்கிறார். போடலாமா, அறை நண்பர் ஏற்கெனவே போட்டுவிட்டாரே என்று கேட்கிறீர்கள். கூடவே பழைய கார் எது வாங்கலாம், எந்த போன் கம்பெனி மலிவு என்றும் கேட்டிருக்கிறீர்கள். காரையும் போனையும் பற்றிச் சொல்ல இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் கையெழுத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

போடாதீர்கள். மனு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் போடாதீர்கள்.

நம் ஊரில் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் கலெக்டருக்கு ஒரு மனு எழுதுவோம், தெருவே கையெழுத்துப் போடும். அந்தப் பழக்கத்தில்தான் நம் பிள்ளைகள் இங்கேயும் யோசிக்காமல் பேனாவை வாங்கிவிடுகிறார்கள். கலிபோர்னியாவில் அந்தத் தாளில் இருப்பது ஒரு சட்டத்தின் வரைவு. 1911இல், ஹைரம் ஜான்சன் ஆளுநராக இருந்தபோது, ரயில்வே கம்பெனியின் செல்வாக்கில் கிடந்த அரசியலுக்கு மாற்றாக, மக்களே சட்டம் கொண்டுவரும் வழியை மாநில அரசியல் சாசனத்தில் சேர்த்தார்கள். மாநிலச் சட்டப்படி, ஒரு நகரத்தில் பதிவு செய்த வாக்காளர்களில் 10 சதவீதம் பேர் கையெழுத்திட்டால், நகர மன்றம் அந்த வரைவை அப்படியே ஏற்க வேண்டும், இல்லையென்றால் தேர்தலில் மக்கள் முடிவுக்கு விட வேண்டும். அதனால்தான் பதிவு செய்த வாக்காளர் மட்டுமே அதில் கையெழுத்துப் போடலாம். வாக்காளராக அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். கிரீன் கார்டு போதாது. தகுதியில்லை என்று தெரிந்தே போடுவது தேர்தல் சட்டப்படி குற்றம்.

அதைவிட நான் பயப்படுவது குடியேற்றச் சட்டத்துக்கு. 1996 செப்டம்பர் 30 முதல், ஏதாவது ஒரு சட்டப் பலனுக்காகத் தன்னை அமெரிக்கக் குடிமகன் என்று பொய்யாகச் சொன்னவருக்கு, கிரீன் கார்டுக்கான வழியே அடைபட்டுப் போகலாம். விலக்கு மிக மிகக் குறைவு. பிற்காலத்தில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது, எப்போதாவது வாக்காளராகப் பதிவு செய்தீர்களா, குடிமகன் என்று சொன்னீர்களா என்று படிவத்திலேயே கேட்பார்கள். எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த திருச்சிக்காரர் ஓட்டுநர் உரிமம் எடுக்கப் போன இடத்தில், அவசரத்தில் வாக்காளர் பதிவுக் கேள்விக்கு 'ஆம்' என்று குறித்துவிட்டார். பல வருடம் கழித்து அது தலைதூக்கியது. வக்கீலுக்குக் கொடுத்த பணம் ஒருபக்கம், அந்த வீட்டில் எல்லோரும் தூக்கமில்லாமல் கிடந்த மாதங்கள் ஒருபக்கம். 2018இல் ஓட்டுநர் உரிமம் தரும் டிஎம்வி அலுவலகங்களில் தானியங்கி வாக்காளர் பதிவு தொடங்கிய சில மாதங்களிலேயே, தகுதியில்லாத சுமார் 1,500 பேர் தவறாகப் பதிவானது செய்தியானது. அவர்களில் குடியுரிமை இல்லாதவர்களும் இருந்தார்கள். யார் செய்த பிழையானாலும் அலைவது நாம்தான். ஒவ்வொரு கட்டத்தையும் படித்துவிட்டுக் குறியுங்கள்.

சான் பிரான்சிஸ்கோவில், 2016இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய 'ப்ராபசிஷன் N' என்ற தீர்மானத்தின் வழியாக, குடியுரிமை இல்லாத பெற்றோரும் பள்ளி வாரியத் தேர்தலில் வாக்களிக்கலாம். அதைக் காட்டி "நமக்கும் உண்டு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது அந்த ஊரோடு, அந்த ஒரு தேர்தலோடு நிற்பது.

நான் வந்த காலத்தில், எச்-1பி காரரின் துணைக்குத் தரும் எச்-4 விசாவில் வேலை பார்க்க அனுமதியே கிடையாது. கார் இல்லை, கையில் காசு இல்லை, பேச ஆளில்லை. பகல் முழுவதும் நூலகத்திலும் கடைத்தெருவிலும்தான் கழியும். அட்டைக்காரர்கள் அப்போதும் நிற்பார்கள். இவர்களை யாரும் ஏன் விரட்டுவதில்லை என்று ஆச்சரியப்பட்டுத் தேடிப் படித்தேன். பக்கத்து ஊரான கேம்ப்பெல்லில் ப்ரூன்யார்ட் என்று ஒரு கடை வளாகம். அங்கே மனுவுக்குக் கையெழுத்து வாங்கிய மாணவர்களை வெளியேற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1980இல் மாணவர்கள் பக்கம் தீர்ப்பானது. அன்றிலிருந்து எனக்கு இந்த விஷயத்தில் தீராத ஆர்வம். வாக்குரிமை வருவதற்கு வெகு முன்பே தேர்தல் கையேட்டை அட்டையிலிருந்து அட்டை வரை படிப்பேன்.

படித்தால்தான் தெரியும், மாநிலம் நமக்காக எவ்வளவு காவல் போட்டிருக்கிறது என்று. நகர மனுவில் தலைப்பையும் சுருக்கத்தையும் மனு போடுகிறவர் எழுத முடியாது, நகர வழக்கறிஞர்தான் எழுத வேண்டும். கையெழுத்து வாங்குகிறவர் கூலிக்கு வந்தவராக இருக்கலாம், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு என்று தாளிலேயே அச்சடிக்க வேண்டும். பெரும்பணம் கொடுத்தவர்கள் யார் என்று காட்ட வேண்டும். படிக்கக் கேட்டால் தடுக்கக் கூடாது. உள்ளடக்கத்தைத் திரித்துச் சொன்னால் குற்றம். ஆனால் ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர் வாயில் வருவது வேறு, தாளில் இருப்பது வேறு. இதுதான் எனக்கு ஆறாத கோபம். உங்களிடம் சொன்ன 'வாடகைக் குறைப்பை'யே பாருங்கள். இப்படிப்பட்ட மனுக்கள் பெரும்பாலும் ஏற்றத்துக்குத்தான் வரம்பு வைக்கும். அதற்கும் 1995இன் கோஸ்டா-ஹாக்கின்ஸ் என்ற மாநிலச் சட்டம் குறுக்கே நிற்கிறது: தனி வீடுகளுக்கும் புதிய கட்டடங்களுக்கும் நகரங்கள் வாடகை வரம்பு வைக்க முடியாது. அதை மாற்ற 2018, 2020, 2024 என்று மூன்று முறை மாநில அளவில் வாக்கெடுப்பு வந்தது, மூன்றும் தோற்றன. உங்களுக்கு இப்போது உதவுவது 2019இல் வந்த மாநிலச் சட்டம். 15 வருடத்துக்கு மேல் பழைய அடுக்குமாடி என்றால், பெரும்பாலும் வருடத்துக்கு 5 சதவீதமும் விலைவாசி உயர்வும் சேர்த்து, எப்படியும் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற முடியாது. வீட்டு ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள்.

நம்மவர்கள் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. குடியுரிமை வாங்கிய அன்று கொடியோடு படம் போடுகிறார்கள். வாக்குச்சீட்டில் அதிபருக்குக் குறித்துவிட்டு, உள்ளூர் மெஷர்கள், அதாவது மக்கள் முடிவுக்கு விடும் தீர்மானங்கள், இருக்கும் பக்கத்தை வெறுமையாக அனுப்புகிறார்கள். சொத்து வரியும் பள்ளிக்கூடக் கடன் பத்திரமும் அங்கேதானே இருக்கின்றன! ஒவ்வொரு தேர்தலுக்கும் எங்கள் வீட்டில் நாலைந்து குடும்பம் கூடி அவற்றை வரிவரியாகப் படிக்கிறோம். அதில் எனக்குப் பெருமைதான்.

விசாவில் இருக்கிறவர் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நகர மன்றக் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். உள்ளூர் மன்றக் கூட்டங்கள் திறந்தே நடக்க வேண்டும் என்கிற பிரவுன் சட்டப்படி குடியுரிமை கேட்க மாட்டார்கள், பெயர் சொல்லக்கூடக் கட்டாயமில்லை. எச்-4இல் இருந்தபோதே பேருந்து நிறுத்தத்துக்கு நிழற்கூரை வேண்டும் என்று நான் போய்ப் பேசியிருக்கிறேன். குரல் நடுங்கியது, ஆனாலும் கேட்டார்கள். ஆனால் வேட்பாளர்களுக்குப் பணம் கொடுத்துவிடாதீர்கள். கிரீன் கார்டு வரும் வரை அதுவும் தடைதான்.

சரி, உங்கள் நண்பர் விஷயம். மனு தாக்கலாகும் நாளுக்கு முன்பே தேர்தல் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தால் கையெழுத்தைத் திரும்பப் பெறலாம் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் அந்தக் கடிதத்தில் என்ன எழுதுகிறோம் என்பதும் முக்கியம். அதனால் முதலில் ஒரு குடியேற்ற வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள். என்ன மனு, என்ன தேதி, தாளில் என்ன எழுதினார், வாக்காளர் பதிவுப் படிவம் ஏதாவது சேர்த்து நிரப்பினாரா என்பதை இன்றைக்கே ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டு போகட்டும். கம்பெனி வக்கீல் கம்பெனிக்கும் வக்கீல், அதனால் தனியாக ஒருவரைப் பார்ப்பது நல்லது.