கிளாக்கோமாவுக்கு லேசர் செய்துகொண்டால் சொட்டு மருந்தை நிறுத்திவிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 58. இரண்டு கண்களிலும் கிளாக்கோமா இருப்பதாகச் சொல்லி, மூன்று ஆண்டுகளாகத் தினமும் இரவில் சொட்டு மருந்து போட்டு வருகிறேன். இப்போது மருத்துவர் லேசர் செய்துகொள்ளலாம் என்கிறார். அதன்பிறகு சொட்டு மருந்து தேவைப்படாதா? மங்கிய பார்வை தெளிவாகுமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கிளாக்கோமாவால் இழந்த பார்வை லேசரால் திரும்பாது. இந்த நோயில் சேதமடைவது பார்வை நரம்பு. அதன் இழைகள் ஒருமுறை பட்டுப்போனால் மீண்டும் வளர்வதில்லை. சொட்டு மருந்தானாலும் லேசரானாலும் அறுவை சிகிச்சையானாலும், கண்ணின் அழுத்தத்தைக் குறைத்து மிச்சமிருக்கும் பார்வையைக் காப்பாற்றுவதற்காகவே செய்யப்படுகின்றன. இதை முன்கூட்டியே புரிந்துகொள்ளாதவர்கள், லேசருக்குப் பிறகும் பார்வையில் மாற்றம் தெரியவில்லையே என்று சோர்ந்து, அடுத்த பரிசோதனைக்கே வராமல் போய்விடுவது வருத்தம் தருகிறது.

அடுத்து, உங்களுக்குச் சொல்லப்பட்டது எந்த லேசர் என்று மருத்துவரிடம் கேளுங்கள். கண்ணுக்குள் சுரக்கும் நீர், கருவிழியும் ஐரிஸ் என்னும் நிறப்படலமும் சந்திக்கும் கோணத்தில் உள்ள சல்லடைத் திசுவின் வழியாக வடிகிறது. கோணம் திறந்திருந்தும் சல்லடை சரியாக வடிக்காதவர்களுக்கு எஸ்எல்டி என்ற லேசர் செய்யப்படுகிறது. கோணமே குறுகி அடைபடும் நிலையில் உள்ளவர்களுக்கு, ஐரிஸின் ஓரத்தில் நுண்ணிய துளையிடும் யாக் லேசர் இரிடாட்டமி தேவைப்படலாம். இவ்விரண்டில் உங்களுக்கு எது பொருந்தும் என்பதை, லென்ஸ் ஒன்றைக் கண்ணின் மேல் வைத்துக் கோணத்தைப் பார்க்கும் கோனியோஸ்கோப்பி சோதனைதான் காட்டும். அந்தச் சோதனை செய்யாமலே லேசருக்கு நாள் குறித்திருந்தால், ஏன் என்று தயங்காமல் கேளுங்கள். கண்ணாடியைத் தவிர்ப்பதற்காகச் செய்யும் லாசிக்கும், கண்புரை அறுவைக்குப் பின் லென்ஸின் பின்னால் படியும் படலத்தை நீக்கும் யாக் லேசரும் முற்றிலும் வேறு நோக்கம் கொண்டவை.

நீங்கள் விவரித்ததை வைத்துப் பார்த்தால் எஸ்எல்டியாகவே இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கண்ணை மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்து விட்டபின், ஸ்லிட் லேம்ப் கருவியில் மோவாயையும் நெற்றியையும் பொருத்தி உட்கார வேண்டும். மருத்துவர் ஜெல் தடவிய லென்ஸைக் கண்ணின் மேல் வைத்து, சல்லடையைச் சுற்றிலும் சுமார் 100 புள்ளிகளில் பச்சை லேசர் ஒளியைச் செலுத்துவார். ஒவ்வொரு துடிப்பும் ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்கை விடவும் குறுகியது என்பதால் திசு கருகுவதில்லை. சில நிமிடங்களில் முடிந்துவிடும். பெரும்பாலோர் லேசான குத்தலைத் தவிர வேறு வலியை உணர்வதில்லை. முடிந்த சில மணி நேரத்திற்குள் சிலருக்கு அழுத்தம் திடீரென ஏறக்கூடும் என்பதால், சுமார் ஒரு மணி நேரம் காத்திருக்கச் சொல்லி மீண்டும் அளந்து பார்ப்பார்கள். அவசரம் என்று அதற்கு முன் கிளம்பிவிடாதீர்கள். அன்றைக்குப் பார்வை கலங்கலாக இருக்கலாம். வண்டி ஓட்ட வேண்டாம், துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். ஓரிரு நாள் சிவப்பும் கூச்சமும் இருப்பது இயல்பு. கடும் வலியோ பார்வை மேலும் மங்குவதோ இருந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

சொட்டு மருந்தைப் பற்றி: எஸ்எல்டியின் முழுப் பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரங்கள், சில நேரம் அதற்கு மேலும் ஆகும். எனவே மருத்துவர் சொல்லும்வரை இப்போதைய மருந்தைத் தொடருங்கள். பிரிட்டனில் 718 பேரைக் கொண்டு நடத்தி 2019இல் வெளியிட்ட லைட் என்னும் ஆய்வில், முதல் சிகிச்சையாக லேசர் பெற்றவர்களில் ஏறக்குறைய நான்கில் மூவர், மூன்றாண்டுகள் கழித்தும் சொட்டு மருந்து இல்லாமலே அழுத்தக் கட்டுப்பாட்டில் இருந்தனர். ஆனால் அவர்கள் அதுவரை எந்தச் சிகிச்சையும் பெறாத, புதிதாக நோய் கண்டறியப்பட்டவர்கள். ஏற்கெனவே மருந்து போட்டுவரும் உங்களுக்கு அதே பலனை நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன். மருந்து நின்றுபோகலாம், குறையலாம், அப்படியே தொடரவும் நேரலாம்.

பலன் கிடைத்தாலும் அது நிரந்தரமன்று. சில ஆண்டுகளில் மெல்லத் தேயும். தேய்ந்தால் பலருக்கு மீண்டும் செய்ய முடியும். அழுத்தம் ஏறுவதை நோயாளியால் பெரும்பாலும் உணர முடியாது என்பதால்தான், மருந்தே இல்லாத நிலையிலும் பரிசோதனையைக் கைவிடக் கூடாது என்று வற்புறுத்துகிறேன்.

முன்பு கண்ணுக்குள் அழற்சி வந்திருந்தால், லேசருக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். கண் சிவந்தால் மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் போடும் சொட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு இருக்கலாம். அது அழுத்தத்தை ஏற்றிவிடக்கூடும். பார்வைப் பரப்பைச் சோதிக்கும் பெரிமெட்ரி, நரம்பிழைகளின் தடிமனை அளக்கும் ஓசிடி ஸ்கேன் ஆகியவற்றின் பழைய அறிக்கைகளைத் தேதிவாரியாக அடுக்கி, ஒவ்வொரு முறையும் கையோடு கொண்டு செல்லுங்கள். லேசருக்கு முன்னும் பின்னும் நரம்பின் நிலையை ஒப்பிட்டுப் பார்க்க மருத்துவருக்கு அவை வேண்டும்.