ஊசியா, ஒளிக்கதிரா? ராக் ரசிகர்களின் கேள்விகள்

பழைய ராக் ஆல்பங்களை ஊசியால் ஓடும் எல்.பி. இசைத்தட்டிலும் ஒளிக்கதிர் படிக்கும் சி.டி.யிலும் கேட்டுப் பார்த்த வாசகர்கள் இந்த முறை நிறையவே எழுதியிருக்கிறார்கள். வேறு கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

மதுரை வாசகர்: பீட்டில்ஸின் முதல் ஆல்பமான ‘ப்ளீஸ் ப்ளீஸ் மீ’ ஸ்டீரியோ எல்.பி. எங்கள் வீட்டில் இருக்கிறது. அப்பா லண்டனில் வாங்கியது. குரல்கள் வலது ஸ்பீக்கரில் மட்டும் வருகின்றன. கிதார், டிரம்ஸ் எல்லாம் இடது பக்கம். ஆனால் 1987இல் வெளியான சி.டி.யில் எல்லாமே நடுவில் ஒலிக்கிறது. கோளாறு எதில்?

இரண்டிலும் கோளாறு இல்லை. நீங்கள் ஒப்பிடுவது இரண்டு வெவ்வேறு கலவைகளை, அதாவது பதிவான குரலையும் வாத்தியத்தையும் சேர்த்த இரண்டு விதங்களை. அந்த ஆல்பத்தின் பத்துப் பாட்டுகள் 1963 பிப்ரவரி 11ஆம் தேதி ஒரே நாளில் லண்டன் அபே ரோட்டில் உள்ள இ.எம்.ஐ. ஸ்டூடியோவில் பதிவாயின. அந்த நாடாவில் இரண்டே தடங்கள். ஒன்றில் வாத்தியங்கள், மற்றதில் குரல்கள். பின்னால் இரண்டையும் சரியான அளவில் சேர்த்து மோனோ, அதாவது ஒரே ஒலி, ஆக்குவதற்காகத்தான் அப்படிப் பிரித்தார்கள். அன்றைக்கு அந்தப் பாட்டுகளை வாங்கிய இளைஞர்களின் வீடுகளில் பெரும்பாலும் ஒற்றை ஸ்பீக்கர் பெட்டிதான் இருந்தது, வானொலியும் மோனோதான். ஸ்டீரியோ பதிப்புக்கு அதே இரண்டு தடங்களையும் இடம், வலம் என்று வைத்துவிட்டார்கள். உங்கள் எல்.பி.யில் கேட்பது அதுதான்.

1987இல் சி.டி. வந்தபோது முதல் நான்கு ஆல்பங்களையும் மோனோவில் மட்டுமே வெளியிட்டார்கள். ‘ஹெல்ப்!’, ‘ரப்பர் சோல்’ இரண்டுக்கும் பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் புதிதாக ஸ்டீரியோ கலவை செய்தார். 2009 செப்டம்பரில்தான் ஸ்டீரியோ, மோனோ இரண்டும் தனித்தனிப் பெட்டிகளாக வந்தன. ஆகவே பீட்டில்ஸ் விஷயத்தில் ‘சி.டி. இப்படி, எல்.பி. அப்படி’ என்று யாராவது சொன்னால், எந்தக் கலவை, எந்த வருடப் பதிப்பு என்று முதலில் கேளுங்கள். ‘சார்ஜென்ட் பெப்பர்’ ஆல்பத்தில் ‘ஷீ இஸ் லீவிங் ஹோம்’ பாட்டு மோனோவில் கொஞ்சம் வேகமாகவும் சுதி கூடியும் இருக்கும். ஸ்டீரியோவில் மெதுவாகப் போகும். அந்த வித்தியாசத்துக்கும் ஊசிக்கும் சம்பந்தமே இல்லை.

என் கருத்தைக் கேட்டால், முதல் ஆல்பத்தை மோனோவில் கேளுங்கள். குரலும் கிதாரும் ஒன்றோடொன்று மோதும்போதுதான் அந்தப் பாட்டுகளுக்கு உயிர் வருகிறது. உங்கள் ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தான் இருந்தால் எல்.பி. ஓடும்போது அதை அழுத்திப் பாருங்கள். 1969இன் ‘அபே ரோடு’ ஆல்பம் ஸ்டீரியோவுக்கென்றே கலக்கப்பட்டது. அதை இரண்டு ஸ்பீக்கரில்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்று. அந்தத் தட்டின் நடுத்தாள் கறுப்பில் தங்க எழுத்தாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் அது சேகரிப்பவர்கள் தேடி அலைகிற முதல் அச்சு. யாருக்கும் இரவல் கொடுக்காதீர்கள்.

திருச்சி கல்லூரி மாணவி: ஒரே ஊசி, ஒரே பள்ளம். அதிலிருந்து இரண்டு ஒலி எப்படித் தனித்தனியாக வருகிறது?

அருமையான கேள்வி. தட்டில் ஊசி ஓடும் பள்ளத்தை ஆங்கில ‘வி’ எழுத்தாக நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சுவர்களும் 45 டிகிரி சாய்ந்தவை. தட்டின் மையத்தை ஒட்டிய சுவரில் இடது ஒலி, வெளிப்பக்கச் சுவரில் வலது ஒலி. இரண்டிலும் ஒரே ஒலி இருந்தால் ஊசி பக்கவாட்டில் மட்டும் ஆடும். இரண்டும் வேறுபட வேறுபட ஊசி மேலும் கீழுமாகவும் ஆடத் தொடங்கும். இந்த யோசனைக்கு இங்கிலாந்தின் ஆலன் ப்ளூம்லைன் 1931 டிசம்பரிலேயே காப்புரிமை கோரிவிட்டார். ஸ்டீரியோ எல்.பி. கடைகளுக்கு வந்ததோ 1958இல். தன் கண்டுபிடிப்பு வீடுகளில் ஒலிப்பதைக் கேட்க அவர் இல்லை. 1942இல் ஒரு விமான விபத்தில் இறந்துவிட்டார். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனது கனத்துப் போகும்.

இந்த அமைப்பால் ராக் இசைக்கு ஒரு கட்டுப்பாடும் வந்தது. கனமான பேஸ் ஒலியை, அதாவது தாழ்ந்த சுதி ஒலியை, ஒரு பக்கத்தில் மட்டும் வைத்தால் ஊசி பலமாக மேலும் கீழும் ஆட வேண்டும். பள்ளம் ஆழம் குறைந்து ஊசி துள்ளிவிடும். அதனால் தட்டு வெட்டும் பொறியாளர்கள் ஆழ்ந்த பேஸை நடுவுக்கு இழுத்துவிடுவார்கள். சி.டி.யில் இந்தக் கவலையே கிடையாது. இரண்டு பக்கமும் தனித்தனி எண்களாகப் பதிவாகின்றன. நல்ல கார்ட்ரிட்ஜிலும் (ஊசியைத் தாங்கி, அதன் அசைவை மின்சாரமாக்கும் பகுதி) இடதுக்கும் வலதுக்கும் உள்ள பிரிவு 25, 30 டெசிபல்தான் (ஒலி அளவின் அலகு), சி.டி.யில் 90ஐயும் தொடும். ஆனாலும் 25 டெசிபல் பிரிவே கிதார் எங்கே நிற்கிறது என்று காதுக்குக் காட்டப் போதும். எல்.பி.யில் ஸ்டீரியோ குறுகிவிட்டது என்று உங்களுக்குத் தோன்றினால், ஸ்பீக்கர்களை வைத்திருக்கும் இடத்தை முதலில் பாருங்கள்.

கோவை வாசகர்: பிங்க் ஃப்ளாய்டின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ எல்.பி.யில் முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டில், அந்தப் பெண் உச்சத்தில் பாடும்போது குரல் கரகரக்கிறது. சி.டி.யில் சுத்தமாக இருக்கிறது. அப்படியானால் சி.டி.தானே மேல்?

அந்த இடத்தில் சி.டி.தான் மேல், சந்தேகமில்லை. பாடுபவர் கிளேர் டோரி. அந்தக் குரலைத் தட்டின் உட்பகுதியில் வைக்க நேர்ந்தது எல்.பி.யின் துரதிர்ஷ்டம். தட்டு எப்போதும் நிமிடத்துக்கு 33⅓ சுற்றுதான். ஆனால் வெளி ஓரத்தில் ஒரு நொடிக்குச் சுமார் 50 செ.மீ. பள்ளம் ஊசியைக் கடந்து போகிறது. உள்ளே வரவர அது 20 செ.மீ. அளவுக்குக் குறைந்துவிடும். அதே ஒலியைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் அடைக்க வேண்டியிருக்கிறது. உரத்த, உச்சஸ்தாயிக் குரல்தான் முதலில் அடிபடும். கார்ட்ரிட்ஜ் நேராகப் பொருத்தப்பட்டிருக்கிறதா, ஊசி தேய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பாதிக் கரகரப்பு அதிலேயே போய்விடலாம்.

ஆனால் தட்டைத் திருப்பிப் போட்டதும் நிலைமை மாறுகிறது. இரண்டாம் பக்கம் ‘மணி’ பாட்டோடு, வெளி ஓரத்தில், எல்.பி.யின் மிக நல்ல இடத்தில் தொடங்குகிறது. நாணயம் குலுங்குவது, காகிதம் கிழிவது, கல்லாப்பெட்டி திறப்பது என்று ஏழு சத்தங்களை ஒரே நீளத்தில் நாடாவாக வெட்டி, ஒட்டி, வளையமாகச் சுற்றவிட்டார்கள். பாட்டின் தாளமும் ஏழு. 1973இல் கம்ப்யூட்டர் இல்லாமல், கத்தரித்து ஒட்டியே செய்த வேலை இது. நல்ல எல்.பி.யில் ஒவ்வொரு சத்தமும் தனக்கென்று ஓர் இடத்தில் விழுவதைக் கேட்கலாம். முதல் பக்கத்தில் ‘டைம்’ பாட்டின் கடிகாரங்களும் அப்படித்தான். பொறியாளர் ஆலன் பார்சன்ஸ் ஒவ்வொரு கடிகாரத்தையும் தனியாகப் பதிவு செய்து பிறகு சேர்த்தார். இரண்டு ஸ்பீக்கருக்கும் சம தூரத்தில் உட்காருங்கள். ஒரு பக்கம் நகர்ந்தாலே எல்லாக் கடிகாரமும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும்.

புதுச்சேரி வாசகர்: ரீமாஸ்டர் செய்த சி.டி. முதலில் பிரமாதமாக இருக்கிறது, அரை மணி நேரத்தில் காது வலிக்கிறது. ஏன்?

ரீமாஸ்டர் என்றால் பழைய பதிவின் ஒலியைத் திருத்திப் புதிய பதிப்புக்குத் தயாரிப்பது. அப்போது சத்தத்தை ஒரேயடியாகத் தூக்கிவைத்திருப்பார்கள். மெதுவான இடமும் உரத்த இடமும் கிட்டத்தட்ட ஒரே அளவில் ஒலித்தால் காது களைத்துவிடும். 2008இல் மெட்டாலிகாவின் ‘டெத் மேக்னட்டிக்’ வந்தபோது, ‘கிதார் ஹீரோ’ வீடியோ கேமில் இருந்த அதே பாட்டுகள் சி.டி.யைவிட நன்றாக ஒலித்ததை ரசிகர்களே கண்டுபிடித்தார்கள். குற்றம் சி.டி.யுடையது அல்ல; சி.டி.யின் 16 பிட் பதிவில் மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் இடையே 96 டெசிபல் வீச்சு இருக்கிறது, அதைப் பயன்படுத்தாமல் விட்டார்கள். 80களில் வந்த சி.டி. மெதுவாக ஒலித்தால் வால்யூமைக் கூட்டிக் கேளுங்கள். எதையும் ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். இல்லாவிட்டால் உரத்ததுதான் எப்போதும் ஜெயிக்கும். புதிதாக அச்சான எல்.பி.யும் அதே ரீமாஸ்டரிலிருந்து வந்திருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

யாழ்ப்பாண வாசகர்: லெட் செப்பலினின் ‘ஹோல் லாட்டா லவ்’ பாட்டின் கடைசிப் பகுதியில், பாடகர் பாடுவதற்கு முன்பே அவரது குரல் எங்கோ தொலைவில் மெல்லக் கேட்கிறது. எனது இசைத்தட்டு பழுதா?

பழுதில்லை. உங்கள் காதைப் பாராட்டுகிறேன். எல்.பி.யில் இப்படி முன்கூட்டியே நிழல் குரல் கேட்க ஒரு காரணம் உண்டு: அடுத்த சுற்றை வெட்டும்போது பக்கத்துப் பள்ளத்தின் சுவர் லேசாக நெளிந்துவிடும். அது தட்டின் ஒரு சுற்று முன்னதாகக் கேட்கும், அதாவது சரியாக 1.8 நொடி. ஆனால் நீங்கள் சொல்லும் இடத்தில் ராபர்ட் பிளான்ட்டின் குரல் மூல நாடாவிலேயே அப்படி இருக்கிறது. கலவையின்போது இன்னொரு தடத்தில் இருந்த குரல் கசிந்து வந்தது. அதை நீக்க முடியாமல், குழுவின் கிதார் கலைஞர் ஜிம்மி பேஜும் பொறியாளர் எடி கிரேமரும் அதற்கு எதிரொலி சேர்த்து, வேண்டுமென்றே செய்ததுபோல ஆக்கிவிட்டார்கள். சி.டி.யிலும் அதே குரல், அதே இடத்தில் கேட்கும். பாட்டின் நடுப்பகுதியில் சத்தங்கள் இடமிருந்து வலமாகப் பறப்பதும் அந்த இருவரும் குமிழ்களைக் கையால் திருப்பிச் செய்த வேலைதான். வேறு தட்டுகளில் இதே சந்தேகம் வந்தால் கைக்கடிகாரத்தை வைத்துக்கொள்ளுங்கள். நிழல் குரலுக்கும் நிஜக் குரலுக்கும் இடையில் 1.8 நொடி இருந்தால் பள்ளத்தின் வேலை. இல்லையென்றால் அதே பாட்டை சி.டி.யில் போட்டுப் பாருங்கள்.