கப்பல்காரர்கள் விற்கும் சுற்றுலாவை வாங்குவதா, துறைமுகத்தில் இறங்கி நாமே போவதா?

அறுபது தாண்டிய பெற்றோரோடு 7 இரவு மத்தியதரைக்கடல் கப்பல் பயணம் போகிறீர்கள், ஒவ்வொரு ஊரிலும் கப்பல்காரர்களின் ஷோர் எக்ஸ்கர்ஷன் (துறைமுகத்தில் இறங்கி ஊர் சுற்ற அவர்கள் விற்கும் சுற்றுலா) எடுக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லா ஊருக்கும் தேவையில்லை, சில ஊருக்கு மட்டும் போதும். கப்பல் நிற்கும் இடத்திலிருந்து பார்க்க வேண்டிய இடம் எவ்வளவு தூரம் என்பதை மட்டும் பாருங்கள், பாதி முடிவு அதிலேயே வந்துவிடும்.

நான் அம்மாவோடு போனது பார்சிலோனா, மார்சேய், ஜெனோவா, சிவிடவெக்கியா, நேப்பிள்ஸ், மால்டா என்று சுற்றிவரும் வழக்கமான பாதை. இதில் 'ரோம்' என்று அச்சடித்திருப்பார்களே, அது ரோம் இல்லை, சிவிடவெக்கியா. அங்கிருந்து ரோம் 70 கிலோமீட்டருக்கு மேல். எங்கள் கொழிஞ்சாம்பாறையில் கப்பலை நிறுத்திவிட்டு 'திருப்பூர் வந்தாச்சு, இறங்குங்க' என்று சொல்வது போல. ரயிலில் போகலாம், வாடிகனுக்குப் பக்கத்திலேயே சான் பியத்ரோ என்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறது, கட்டணமும் குறைவுதான். ஆனால் இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தம் அடிக்கடி வரும். அதனால் இந்த ஒரு ஊருக்கு மட்டும் நான் கப்பல் பஸ்ஸை எடுத்தேன். அதிலும் கைடு, சாப்பாடு எல்லாம் சேர்ந்தது வேண்டாம், போக வர பஸ் மட்டும் என்று தனியாக ஒன்று விற்பார்கள், விலை நன்றாகக் குறையும், அதைக் கேட்டு வாங்குங்கள். கப்பலின் பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், இல்லாவிட்டால் அவர்கள் செலவிலேயே அடுத்த ஊரில் கொண்டுவந்து சேர்ப்பார்கள். நாமாகப் போய்த் தாமதமானால் காத்திருக்காது. பொள்ளாச்சியில் கடைசி பஸ்ஸை விட்டால் ஆட்டோக்காரர் கேட்டதைக் கொடுத்தாவது வீடு வந்துவிடலாம், கப்பலை விட்டால் சொந்தக் காசில் விமானம்தான்.

ஜெனோவாவும் நேப்பிள்ஸும் இதற்கு நேர் எதிர், இறங்கி நடந்தால் ஊர். மார்சேயில் ஏமாந்துவிடாதீர்கள், கப்பல் நிற்கும் இடம் பழைய துறைமுகத்திலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி, பஸ் இல்லாமல் முடியாது.

நேப்பிள்ஸில் உள்ளூர் ரயில் பிடித்து பாம்பேய் போனோம். 'பாம்பேய் ஸ்காவி' என்ற ஸ்டேஷனில் இறங்கினால் எதிரிலேயே வாசல். கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை மூடிய ஊர். தெருவில் பதித்த பெரிய கற்களில் சக்கரம் ஓடி ஓடிப் பள்ளம் விழுந்திருக்கிறது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "ஏன் கண்ணு, இது நம்மூர் வண்டித்தடமேதான்" என்று அங்கேயே நின்றுவிட்டார். நானும் விட்டுவிட்டேன். முட்டி வலிக்காரர்களுக்கு அந்தக் கல் தரை பெரிய சோதனை என்பதை நான்தான் முன்னாலேயே யோசித்திருக்க வேண்டும், வாசலுக்குத் திரும்பவே ஒரு மணி நேரம், ஒரு ரயில் கண்ணெதிரே போய்விட்டது, அடுத்ததற்கு அரை மணி. நேப்பிள்ஸில் இறங்கி டாக்சி பிடித்துக் கப்பல் ஏறும்போது கடைசி நேரத்துக்கு 10 நிமிடம்தான் பாக்கி. அந்த 'கடைசி நேரம்' என்பது எல்லோரும் கப்பலுக்குள் வந்துவிட வேண்டிய நேரம், கப்பல் புறப்படும் நேரம் இல்லை, அதற்கு அரை மணி முதல் ஒரு மணி வரை முந்தியது. அன்றிலிருந்து அதற்கும் இரண்டு மணி நேரம் முன்னால் துறைமுகத்தில் இருப்பது என்று வைத்துக்கொண்டேன்.

சில சில்லறை விஷயங்கள். ஒவ்வொரு ஊருக்கும் முந்தின நாள் இரவு அறைக்கு வரும் தாளில் துறைமுக ஏஜென்ட்டின், அதாவது அந்த ஊரில் கப்பல்காரர்களுக்காக வேலை பார்ப்பவரின், போன் நம்பர் இருக்கும், அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தேதியையும் பாருங்கள், வாடிகன் மியூசியம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும். செயின்ட் பீட்டர்ஸ் தேவாலயத்துக்குள் தோளும் முட்டியும் மூடியிருக்க வேண்டும், சேலைக்காரர்களுக்குக் கவலையே இல்லை. உங்கள் பாதையில் துருக்கி இருந்தால் ஷெங்கன் விசா (ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் சேர்த்துத் தரும் விசா) மல்டிபிள் என்ட்ரியாக, அதாவது வெளியே போய்த் திரும்ப நுழைய முடிவதாக, இருக்கிறதா என்று பாருங்கள், துருக்கிக்கு விசா தனி.

மால்டாவின் வல்லெட்டாவில் எந்தச் சுற்றுலாவும் வாங்காதீர்கள். கப்பலிலிருந்து கொஞ்சம் நடந்தால் 58 மீட்டர் உயர லிஃப்ட், மேலே அப்பர் பராக்கா தோட்டம், மதியம் 12 மணிக்குப் பீரங்கி வெடிப்பார்கள். அம்மா அந்தத் தோட்டத்து பெஞ்சை விட்டு நகரவே இல்லை. ஊரைச் சுற்றலாம் வாங்க என்றேன். "நீ போய்ட்டு வா. இங்கிருந்து கப்பல் தெரியுது, கிளம்பினா நான் கூப்பிடறேன்" என்றார்.