இடது கையை யூஸ் பண்ணாத 4 வயசுப் பையன், தண்டையார்பேட்டை சிஸ்டருக்கு

சிஸ்டர், பையனுக்கு செரிப்ரல் பால்சி (மூளை பாதிப்பால கை கால் அசைவு சரியா வராத நிலை), இடது பக்கம் டைட்டு, தினம் ஒரு மணி நேரம் கையை ஸ்ட்ரெச் பண்றோம், அழறானே தவிர அந்தக் கையால ஒண்ணும் எடுக்க மாட்டேங்கிறான்னு எழுதியிருந்தீங்க. படிச்சதும் மனசு கேக்கல, என் பொண்ணுக்கும் இதேதான், நாங்க வியாசர்பாடி.

நாம இழுத்து விடுறதால மட்டும் கை வேலை கத்துக்காது, அவனே செஞ்சாத்தான் மூளை பழகும். தெரபிஸ்ட்கிட்ட ஃபங்ஷனல் தெரபி பத்தி கேளுங்க, அதாவது அவனுக்கு ஆசையான ஒரே ஒரு வேலையை எடுத்து அதையே திரும்பத் திரும்ப செய்ய வெக்கிறது. நாங்க எடுத்தது வாட்டர் பாட்டில் மூடி, டைட்டான கை பாட்டிலைப் பிடிக்கணும், நல்ல கை திருகணும், முதல்ல மூடியை லூசா வெச்சுக் குடுத்தோம், பாட்டில் வழுக்கி பாயெல்லாம் தண்ணி, நான் கை நீட்டாம உக்காந்திருந்ததுதான் ரொம்ப கஷ்டம், ரெண்டு மாசம் கழிச்சு அவளே திறந்து குடிச்சா.

ஸ்ப்லிண்ட் (கையை நேரா வெக்கிற பட்டை), டைட்டைக் குறைக்கிற ஊசி ஏதாவது டாக்டர் சொல்லியிருந்தா நீங்களா நிறுத்திடாதீங்க. அழறது வலியிலயான்னும் டாக்டர்கிட்ட காட்டிடுங்க. நிராமயா இன்சூரன்ஸ், அதாவது செரிப்ரல் பால்சி மாதிரி குறைபாடு இருக்கிறவங்களுக்கான மத்திய அரசு மருத்துவ காப்பீடு, இன்னும் போடலன்னா போடுங்க, 1 லட்சம் வரைக்கும், தெரபி செலவும் அதுல வரும்.

அவனுக்கு என்ன ரொம்பப் பிடிக்கும்னு எழுதுங்க, அதுலேர்ந்தே ஆரம்பிக்கலாம்.