குதிரையில் வந்தவர் ஒருவர்தானா?

அன்புள்ள சார்,

அமெரிக்கர் என்ற அடையாளத்தை உண்டாக்கியது அரசியல் சட்டமா, கதைகளா என்று நண்பர்களோடு விவாதம். கதைகள்தான் என்றேன். உதாரணம் கேட்டபோது ஹாலிவுட்டைத் தாண்டி ஒன்றும் வாயில் வரவில்லை. ஒன்றைச் சொல்லுங்களேன்.

கே., திருப்பூர்

அன்புள்ள கே.,

அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெல்லோ எழுதிய ‘பால் ரெவியரின் சவாரி’ என்ற கவிதை போதும். ‘அட்லாண்டிக் மன்த்லி’ என்ற பத்திரிகையின் 1861 ஜனவரி இதழில் வந்தது. ரெவியர் பாஸ்டனில் வெள்ளிவேலை செய்தவர். அமெரிக்கா பிரிட்டிஷ் காலனியாக இருந்த 1775 ஏப்ரல் 18 இரவு, பிரிட்டிஷ் படை கிளம்புகிறது என்ற செய்தியைச் சுற்றுவட்ட ஊர்களுக்கு எடுத்துச்சென்றவர்.

கவிதையில் அவர் ஆற்றின் அக்கரையில் குதிரையோடு தனியே காத்திருக்கிறார். படை தரைவழியே வந்தால் ஒரு விளக்கு, நீர்வழியே வந்தால் இரண்டு என்பது சைகை. தேவாலயக் கோபுரத்தில் இரண்டாவது விளக்கு தெரிந்ததும் பாய்கிறார். பன்னிரண்டுக்கு மெட்ஃபோர்ட், ஒன்றுக்கு லெக்சிங்டன், இரண்டுக்கு கான்கார்ட்.

நடந்தது வேறு. விளக்கு அவருக்கான சைகையே அல்ல. ஆற்றைக் கடக்கமுடியாமல் போனால் என்ன செய்வது என்று, அக்கரையிலிருந்த சார்ல்ஸ்டவுன் ஆட்களுக்காக அவரே செய்துவைத்த ஏற்பாடு. படகு வலித்தவர்கள் இருவர், குதிரை இரவல். அதே செய்தியோடு வில்லியம் டாவ்ஸ் தரைவழியில் வந்தார். லெக்சிங்டனைத் தாண்டியதும் சாமுவேல் பிரெஸ்காட் என்ற மருத்துவர் சேர்ந்துகொண்டார். லிங்கன் என்ற ஊரில் ரெவியர் ரோந்துப்படையிடம் மாட்டி, குதிரையைப் பறிகொடுத்து, நடந்தே லெக்சிங்டன் திரும்பினார். கான்கார்டுக்குப் போய்ச் சேர்ந்தவர் பிரெஸ்காட்.

டாவ்ஸ் ஏன் விடுபட்டார்? முதல் இரண்டு அடிகளின் இயைபு ‘ஹியர்’, ‘ரெவியர்’. டாவ்ஸ் என்ற பெயரோடு அது சேராது! 1896இல் ஒரு பகடிக் கவிதை டாவ்ஸின் குரலிலேயே இதைச் சொல்லிப் புலம்பியது.

‘அப்படியானால் கவிதை பொய்’ என்று நண்பர்கள் முடித்துவிடுவார்கள். விடாதீர்கள். நடந்ததைப் பற்றி ரெவியரே எழுதிய விவரம் 1798இலேயே அச்சாகியிருந்தது. உண்மை கைக்கெட்டாத இடத்தில் இல்லை. லாங்ஃபெல்லோ 1842இலேயே அடிமைமுறையை எதிர்த்துக் கவிதை எழுதியவர். இந்தக் கவிதை வெளிவந்த நாட்களில், 1860 டிசம்பர் 20 அன்று, அடிமைமுறையை விட மறுத்த சௌத் கரோலைனா மாநிலம் அமெரிக்க ஒன்றியத்திலிருந்து பிரிந்தது. அப்போது அவருக்குத் தேவைப்பட்டவன் தூங்கும் ஊர்களைத் தட்டி எழுப்பும் ஒற்றை ஆள். படகு, மாற்றுவழி, இரவல் குதிரை என்று பலர் சேர்ந்து போட்ட திட்டம் அதற்கு உதவாது. தனிமனிதன் நாட்டைக் காப்பான் என்ற நம்பிக்கைக்குப் பள்ளிப்பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் உருவம் இப்படித்தான் கிடைத்தது.

இன்னும் நுட்பமானது ‘தேசம்’ என்ற ஒரு சொல். ஒரு தேசத்தின் விதியே அன்றிரவு குதிரையேறிப் போனதாகக் கவிதை சொல்கிறது. சுதந்திரப் பிரகடனத்துக்கு அப்போது இன்னும் 14 மாதங்களுக்கு மேல் இருந்தது. ‘பிரிட்டிஷார் வருகிறார்கள்’ என்று ரெவியர் கத்தியதாகப் பின்னாளில் பரவியதும் இதே வகை. அவர் சொன்னது ‘ரெகுலர்கள்’, அதாவது சம்பளப் பட்டாளம், புறப்பட்டுவிட்டது என்றுதான். கேட்டவர்களும் தங்களை பிரிட்டிஷார் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த விவாதத்துக்குக் கவிதை, ரெவியரின் விவரம், பாஸ்டன் சுற்றுவட்ட வரைபடம் மூன்றையும் எடுத்துப்போங்கள். கவிதையில் வரும் ஊர்களை வரைபடத்தில் குறியுங்கள். லிங்கன் வராது.