ஜாவா டெஸ்ட்டில் எச்டிடிபி அழைப்பை மாக் செய்வது: கேள்வி பதில்

மாக் என்றால் டெஸ்ட்டில் நிஜப் பொருளுக்குப் பதிலாக வைக்கும் போலி; நாம் சொல்லிக் கொடுத்ததையே அது திருப்பித் தரும். எல்லாப் பதில்களுக்கும் ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்கிறேன். பார்சல் எண்ணைக் கொடுத்தால், கூரியர் நிறுவனத்தின் சர்வரிடம் கேட்டு, பார்சல் எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஒரு ஜாவா கிளாஸ். பெயர் பார்சல்சர்வீஸ்.

கேள்வி: டெஸ்ட்டில் நிஜ சர்வரையே கூப்பிட்டால் என்ன தவறு? எங்கள் டீமில் அப்படித்தான் ஓடுகிறது.

சர்வர் நன்றாக இருக்கும் நாளில் ஒன்றும் தவறில்லை. அவர்கள் ஞாயிற்றுக்கிழமை மெயின்டனன்ஸுக்கு இறக்கினால் உங்கள் பில்ட் சிவப்பாகும், கோடில் யாரும் கை வைக்காமலே. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. 503 (சேவை இப்போது கிடைக்காது) வந்தால் நம் கோட் என்ன செய்கிறது, பதில் பாதியில் அறுந்தால் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்காக நிஜ சர்வரிடம் போய் "கொஞ்சம் விழுந்து காட்டுங்கள்" என்று கேட்க முடியாதே. மாக் வேண்டியிருப்பது முக்கியமாக அதற்குத்தான். டெஸ்ட் வேகமாக ஓடுவது கூடுதல் லாபம்.

கேள்வி: ஜாவா 11-இல் வந்த எச்டிடிபிகிளையன்ட்டை (எச்டிடிபி அழைப்பை அனுப்பும் கிளாஸ்) மாக்கிட்டோவில் (மாக் உருவாக்கும் லைப்ரரி) மாக் செய்தேன். வென், தென்ரிட்டர்ன் என்று எழுதினால் கம்பைலே ஆகவில்லை. டைப் பொருந்தவில்லையாம்.

அநேகமாக எல்லோரும் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் இது. அழைப்பை அனுப்பும் செண்ட் மெத்தட் ஜெனரிக், அதாவது அதன் டைப் அழைக்கும் இடத்தில்தான் முடிவாகும். பதிலின் டைப் என்ன என்பதை அதற்கு நீங்கள் கொடுக்கும் பாடிஹேண்ட்லர்தான் (வந்த பைட்களைப் பதிலாக மாற்றும் பகுதி) முடிவு செய்கிறது. டெஸ்ட்டில் அந்த இடத்தில் வெறும் எனி ('எது வந்தாலும் சரி' என்பது) போட்டுவிட்டீர்கள். கம்பைலருக்குத் துப்பு கிடைக்காமல், டைப்பை ஆப்ஜெக்ட் என்று எடுத்துக்கொள்கிறது. நீங்கள் நீட்டுவதோ ஸ்டிரிங் பதில்.

இரண்டு வழி உண்டு. ஒன்று, வரிசையை மாற்றி டூரிட்டர்ன், வென், செண்ட் என்று எழுதுவது. கம்பைல் ஆகிவிடும், ஆனால் டைப் சோதனையும் போய்விடும். இன்னொன்று, எனி-க்கு முன்னால் கோண அடைப்புக்குள் பாடிஹேண்ட்லரின் டைப்பை வெளிப்படையாக எழுதுவது. பார்க்க அழகாக இருக்காது, ஆனாலும் நான் இரண்டாவதையே எழுதுவேன்.

ஒன்றைக் கவனியுங்கள். செண்ட்டை மாக் செய்தால் பாடிஹேண்ட்லர் ஓடவே ஓடாது. பைட்களை ஆப்ஜெக்ட்டாக மாற்றும் வேலையை நீங்களே ஒரு பாடிஹேண்ட்லராக எழுதியிருந்தால், அதில் ஒரு வரிகூட அந்த டெஸ்ட்டில் சோதிக்கப்படவில்லை. அப்பாச்சி கிளையன்ட்டில் (இன்னொரு எச்டிடிபி லைப்ரரி) ரெஸ்பான்ஸ் ஹேண்ட்லர் கொடுத்து அழைப்பவர்களுக்கும் இதே கதைதான்.

கேள்வி: எங்கள் பழைய கோடில் மெத்தடுக்குள்ளேயே கிளையன்ட்டை உருவாக்குகிறார்கள். மாக்கை எப்படி உள்ளே நுழைப்பது அண்ணா?

கன்ஸ்ட்ரக்டர் வழியாக வாங்கிக்கொள்ளும்படி மாற்றுவதுதான் முதல் யோசனை. பெரும்பாலும் சின்ன வேலை. கோடைத் தொடவே விடமாட்டார்கள் என்றால் மாக்கிட்டோ 3.4-இலிருந்து கிளையன்ட்டை உருவாக்கும் ஸ்டாட்டிக் மெத்தடையும் மாக் செய்யலாம். அதற்கு முன் இதற்கென்றே பவர்மாக் என்ற இன்னொரு லைப்ரரியை இழுத்துக்கொண்டு திரிந்தோம். மாக்கிட்டோ 5-இல் இதற்கு எந்தத் தனி அமைப்பும் வேண்டாம், ஃபைனல் கிளாஸ்களும் அப்படியே மாக் ஆகும். ஆனால் ஸ்டாட்டிக் மாக் அதை உருவாக்கிய திரெட்டில் மட்டும்தான் செல்லும். உங்கள் கோட் வேலையை வேறு திரெட்டுக்குத் தள்ளிவிட்டால் அங்கே நிஜ கிளையன்ட் கிளம்பிப் போய்விடும். அப்புறம், டிரை பிளாக்குக்குள் வைத்து மூட மறந்தால் அடுத்த டெஸ்ட்டும் கெடும்.

கேள்வி: போஸ்ட் ரிக்வெஸ்ட்டில் சரியான ஜேசான் (தரவை அனுப்பும் உரை வடிவம்) போகிறதா என்று மாக்கிட்டோ வெரிஃபை (மாக் எப்படி அழைக்கப்பட்டது என்று பார்ப்பது) வைத்துச் சோதிக்கிறேன். வேண்டுமென்றே தவறான ஜேசான் கொடுத்தாலும் பாஸ் ஆகிறது. எப்படி?

வேண்டுமென்றே உடைத்துப் பார்த்தீர்களே, அதுவே பாதி வேலை. காரணம் எச்டிடிபிரிக்வெஸ்ட்டின் ஈக்வல்ஸ் மெத்தட். அது யூஆர்எல், மெத்தட், ஹெடர்கள் மூன்றையும்தான் ஒப்பிடும். பாடியை, அதாவது உள்ளே போகும் ஜேசானை, பார்ப்பதில்லை; ஜாவா ஆவணத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. நீங்கள் எதிர்பார்க்கும் ரிக்வெஸ்ட்டை டெஸ்ட்டில் கட்டி வெரிஃபைக்குக் கொடுத்தால், உள்ளே என்ன எழுதியிருந்தாலும் அதற்கு ஒன்றுதான்.

சரி, ஆர்க்யுமென்ட்கேப்டர் வைத்து ரிக்வெஸ்ட்டைப் பிடித்து பாடியைப் படிக்கலாமா? படிக்கலாம். ஆனால் கையில் கிடைப்பது ஸ்டிரிங் அல்ல, பாடிபப்ளிஷர். அதற்கு ஒரு சப்ஸ்கிரைபர் எழுதி, பைட்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஸ்டிரிங்காக்க வேண்டும். இருபது முப்பது வரி பிளம்பிங். அதை எழுதும் நேரத்தில் லோக்கலில் ஒரு குட்டி சர்வரை எழுப்பிவிடலாம். பாடியைச் சோதிக்க வேண்டும் என்றால் என் பதில் எப்போதும் அதுதான்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, நமக்கு நெருக்கமானது. அப்பாச்சி கிளையன்ட் 4-இல் ஸ்டிரிங்என்டிட்டிக்கு எழுத்துக் குறிமுறை எதுவும் சொல்லாமல் ஸ்டிரிங்கை மட்டும் கொடுத்தால், அது ஐஎஸ்ஓ 8859-1 என்று எடுத்துக்கொள்ளும். அதில் தமிழ் எழுத்து ஒன்றுகூடக் கிடையாது. பெறுநர் பெயர் 'செல்வி' என்று இருந்தால் சர்வருக்குப் போய்ச் சேர்வது ஆறு கேள்விக்குறி (கொம்பு, புள்ளி போன்ற குறிகளும் தனித்தனியாக எண்ணப்படும்). மாக் வைத்த டெஸ்ட்டில் இது பச்சையாகவே இருக்கும், ஏனென்றால் ஜாவா ஸ்டிரிங் பைட்டாக மாறும் கட்டமே அங்கே நடப்பதில்லை. கன்டென்ட்டைப் இடத்தில் அப்ளிகேஷன் ஜேசானுக்கான மாறிலியைக் கொடுத்தால் யூடிஎஃப்-8 ஆகிவிடும். ஜாவா 11 கிளையன்ட்டின் ஸ்டிரிங் பப்ளிஷர் இயல்பாகவே யூடிஎஃப்-8 என்பதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை. எதுவானாலும் டெஸ்ட் தரவில் ஒரு தமிழ்ப் பெயரைப் போட்டு வையுங்கள். 'டெஸ்ட் யூசர் ஒன்' என்று ஆங்கிலத்தில் அடித்து வைத்தால் இதெல்லாம் என்றைக்கும் வெளியே வராது.

கேள்வி: ஸ்பிரிங்கின் எச்டிடிபி கிளாஸான ரெஸ்ட்டெம்ப்ளேட்டை மாக் செய்து, 404 ரெஸ்பான்ஸ்என்டிட்டி திரும்பும்படி வைத்து, 'பார்சல் இல்லை' என்ற செய்தி வருகிறதா என்று சோதித்தேன். பாஸ். புரொடக்‌ஷனில் மட்டும் 500 எர்ரர். ஏன் சார்?

ரெஸ்ட்டெம்ப்ளேட் அதன் இயல்பான அமைப்பில் 404-ஐ ரெஸ்பான்ஸ்என்டிட்டியாக ஒருபோதும் திருப்பித் தராது, எக்ஸெப்ஷனாக வீசும். நடக்கவே நடக்காத ஒன்றை மாக்கிடம் சொல்லிக் கொடுத்தீர்கள், அது சொன்னபடி செய்தது. கேள்வித்தாளையும் நீங்களே எழுதி, விடையையும் நீங்களே எழுதி, நூற்றுக்கு நூறும் போட்டுக்கொண்ட கணக்கு. ஜாவா 11 கிளையன்ட்டில் நேர்மாறு. அங்கே 404, 500 எல்லாம் சாதாரணப் பதில்களே, எக்ஸெப்ஷன் வராது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் டீம்கள் இதில் தவறாமல் விழுகின்றன.

ஸ்பிரிங்கிலேயே மாக்ரெஸ்ட்சர்விஸ்சர்வர் இருக்கிறது. அது ரெஸ்ட்டெம்ப்ளேட்டை நிஜமாகவே ஓடவிட்டு, அடியில் நெட்வொர்க்குக்குப் போகும் இடத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும். எர்ரர் ஹேண்ட்லர், ஜேசான் மாற்றம் எல்லாம் உண்மையாக ஓடும். 404 கொடுங்கள், எக்ஸெப்ஷன் பறப்பதைப் பார்ப்பீர்கள்.

கேள்வி: அப்படியானால் மாக்கிட்டோவையே தூக்கிப் போட்டுவிடலாமா?

வேண்டாம், இடத்தை மாற்றுங்கள். 'கூரியர்' என்று உங்களுடைய இன்டர்ஃபேஸ் ஒன்று வையுங்கள். பார்சல் எண் கொடுத்தால் நிலையைத் தரும் ஒரே மெத்தட் போதும். பார்சல்சர்வீஸுக்கு எச்டிடிபி என்ற ஒன்று இருப்பதே தெரியக்கூடாது. அதன் டெஸ்ட்களில் கூரியரை மாக்கிட்டோவால் தாராளமாக மாக் செய்யுங்கள். ஒரு வரி, ஜெனரிக் தலைவலி இல்லை. கூரியரை எச்டிடிபி வழியாக நிறைவேற்றும் கிளாஸ் ஒன்றே ஒன்று இருக்கும். அதை மட்டும் லோக்கல் சர்வரோடு சோதியுங்கள். ஸ்டேட்டஸ் கோட், ஹெடர், டைம்அவுட், ஜேசான் எல்லாம் அங்கே.

ஸ்பிரிங்கின் இன்னொரு கிளையன்ட்டான வெப்கிளையன்ட்டை மாக் செய்ய கெட், யூஆர்ஐ, ரிட்ரீவ், பாடிடூமோனோ என்று மாக்குக்குள் மாக் கோத்து எழுதுபவர்களுக்கும் இதே பதில்தான். அந்தச் சங்கிலியில் கோடின் வரிசையை அப்படியே நகலெடுத்து வைத்திருக்கிறீர்கள். யாராவது ரிட்ரீவை எக்ஸ்சேஞ்ச் என்று மாற்றினால், நடத்தை மாறாமலே டெஸ்ட் உடையும்.

கேள்வி: லோக்கல் சர்வருக்கு வயர்மாக்கா, மாக்வெப்சர்வரா?

இரண்டும் டெஸ்ட்டுக்குள் குட்டி சர்வரை எழுப்பும் லைப்ரரிகள். ஓகேஎச்டிடிபி (இன்னொரு எச்டிடிபி கிளையன்ட்) பயன்படுத்துபவர்களுக்கு மாக்வெப்சர்வர் கைக்கு இதமாக இருக்கும். பதில்களை வரிசையில் போடுகிறீர்கள், வந்த ரிக்வெஸ்ட்டை டேக்ரிக்வெஸ்ட் வைத்து எடுத்துப் பார்க்கிறீர்கள். வேறு கிளையன்ட்டோடும் ஓடும், அது நிஜ சர்வர்தானே. பல யூஆர்எல், பல நிபந்தனை என்று போனால் வயர்மாக் எடுங்கள்.

எதுவும் சேர்க்க அனுமதியில்லை என்றால் ஜேடிகேயிலேயே (ஜாவா நிறுவலிலேயே) ஒரு எச்டிடிபிசர்வர் ஜாவா 6-இலிருந்து இருக்கிறது. பேக்கேஜ் பெயர் காம் புள்ளி சன் என்று தொடங்குவதால் பயப்பட வேண்டாம், முறையாக ஆதரிக்கப்படுவதுதான். செண்ட்ரெஸ்பான்ஸ்ஹெடர்ஸுக்கு நீளம் 0 என்று கொடுத்தால் 'பாடி இல்லை' என்று பொருளல்ல, 'நீளம் தெரியாது, துண்டுதுண்டாக அனுப்புகிறேன்' என்று பொருள். பாடி இல்லை என்றால் -1.

கேள்வி: டைம்அவுட்டை எப்படி டெஸ்ட் செய்வது? தென்த்ரோ வைத்து மாக்கை டைம்அவுட் எக்ஸெப்ஷன் வீசச் சொன்னால் போதாதா?

கேட்ச் பிளாக் வேலை செய்கிறது என்று மட்டும் தெரியும். டைம்அவுட் வைத்திருக்கிறீர்களா என்று தெரியாது. ஜாவா 11 ரிக்வெஸ்ட்டில் நீங்களாக வைக்காவிட்டால் டைம்அவுட்டே கிடையாது, எதிர்முனை மௌனமாக இருந்தால் காத்துக்கொண்டே இருக்கும். ஆகவே நேரத்தைக் கன்ஸ்ட்ரக்டரில் வாங்குங்கள், டெஸ்ட்டில் 200 மில்லிசெகண்ட் கொடுங்கள், வயர்மாக்கில் இரண்டு விநாடி தாமதம் வையுங்கள். அந்த டெஸ்ட்டுக்கே ஜேயூனிட்டில் ஒரு மேல்வரம்பும் வைத்துவிடுங்கள். இல்லையென்றால், பிற்காலத்தில் யாரோ டைம்அவுட் வரியை நீக்கி, தாமதத்தையும் கூட்டிவிட்டால் பில்ட் தொங்கிக்கொண்டு நிற்கும்.

மறுமுயற்சி இருந்தால் மாக்வெப்சர்வரில் 503, 503, 200 என்று வரிசையில் போட்டு, மொத்தம் மூன்று ரிக்வெஸ்ட் வந்ததா என்று எண்ணுங்கள். வரிசை தீர்ந்தபின் நாலாவது ரிக்வெஸ்ட் வந்தால் அது எர்ரர் தராது, சும்மா காத்திருக்கும். 'டெஸ்ட் ஏன் திடீரென மெதுவாகிவிட்டது' என்று தேடுபவர்கள் முதலில் அங்கே பார்க்கலாம்.

கேள்வி: வயர்மாக்கில் ஸ்டப் (இந்த ரிக்வெஸ்ட்டுக்கு இந்தப் பதில் என்ற அமைப்பு) சரியாகத்தான் வைத்திருக்கிறேன். 404 வருகிறது.

யூஆர்எல்லில் கேள்விக்குறிக்குப் பின் ஏதாவது இருக்கிறதா? யூஆர்எல்ஈக்வல்டூ அதையும் சேர்த்தே ஒப்பிடும். பாதை மட்டும் போதுமென்றால் யூஆர்எல்பாத்ஈக்வல்டூ. லாக்கைக் கொஞ்சம் மேலே தள்ளிப் பாருங்கள், கிட்டத்தட்டப் பொருந்திய ஸ்டப்பையும் எங்கே வித்தியாசம் என்பதையும் அதுவே காட்டியிருக்கும்.

கேள்வி: என் மெஷினில் பாஸ், பில்ட் சர்வரில் மட்டும் ஃபெயில்.

8080 போர்ட். வயர்மாக்கின் இயல்பான போர்ட் அது, பில்ட் சர்வரில் வேறு யாரோ பிடித்து வைத்திருப்பார்கள். டைனமிக் போர்ட் வைத்து, யூஆர்எல்லைக் கிளாஸுக்கு வெளியிலிருந்து கொடுங்கள்.

கேள்வி: கூரியர்காரர்கள் நாளை ஜேசானை மாற்றிவிட்டால் என் ஸ்டப் பழசாகிவிடுமே?

ஆகும், டெஸ்ட்டும் பச்சையாகவே இருக்கும். ஸ்டப் ஜேசானைக் கையால் அடிக்காமல், நிஜப் பதிலைப் பிடித்து ஃபைலாக வைக்கலாம். வயர்மாக்கில் ரெக்கார்டிங் வசதி உண்டு. டோக்கன், போன் நம்பர் எல்லாம் அதில் சேர்ந்து பதிவாகும், ரெப்போவில் ஏற்றும் முன் துடைத்துவிடுங்கள். அதோடு, அவர்களுடைய சாண்ட்பாக்ஸ் (சோதனைக்கென்று தரும்) சர்வரை நிஜமாகவே கூப்பிடும் ஒரே ஒரு டெஸ்ட்டைத் தனியாக, தினமும் இரவில் ஓடும்படி வையுங்கள். அது ஃபெயில் ஆனால் பில்டை நிறுத்தாமல் மெயில் மட்டும் வரட்டும்.